‘பார்மட் பண்ணிடலாம்க்கா’ என்றான்!

போன வருஷம், மகளுக்கு வரன் முடிவாகி நாங்கள் கல்யாண வேலையில் இறங்கியிருந்த நேரம். எங்கள் ஊர் செஞ்சியில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஒரு செல்போன் கடையில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டிப் போனால் எனக்கு வயிறு எரியும். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரமாகிவிடும்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவர். ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு "அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே" என்று தெருத்தெருவாகப் போவார்களே, அந்த வேலை. கடை திறப்பு, கும்பாபிஷேகம், நாளைக்குக் கரண்டு இருக்காது, இன்னார் காலமாகிவிட்டார் என்று செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் குரலில்தான் போய்ச் சேரும். கல்யாண மண்டபத்தில் "வருக வருக" என்று வரவேற்பு சொல்வதற்கும் அவர்தான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசைக்கு மைக் செட்காரர்கள் அவரைத் தவறாமல் கூப்பிடுவார்கள். அந்த ஜனக்கடலில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருகிற தாய்மார்களை அவரே உட்கார வைத்து, சட்டை நிறம் கேட்டு, அடையாளம் கேட்டு, பிள்ளை கைக்கு வந்து சேரும்வரை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் குரலைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் முகத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு, மகளுக்கு வரன் தேடத் தொடங்கும் முன்பே, தொண்டையில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். பீடி, சிகரெட் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போடமாட்டார். நான் சாமிகளைத் திட்டாத திட்டு இல்லை. அங்காளம்மன் கோயில் வாசலில் நின்றே, "உனக்கு ஊழியம் செஞ்ச வாயைத்தான் பிடுங்கணுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து வேப்பிலையைக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் ஒரு மத்தியானம், மகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, தன் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன என்று கேட்டதற்கு, மகள் கல்யாணத்துக்கு வரவேற்பு பதிவு செய்யப் போகிறேன் என்றார்.

"மாப்பிள்ளையே பாக்கல. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றேன்.

"மாப்ள அப்புறமா வருவாரு. கொரலு அப்புறமா வராதும்மா" என்றார்.

ஊரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு வரவேற்பு சொன்னவர். தன் மகளின் கல்யாணத்தில் இன்னொருத்தர் வந்து மைக் பிடிப்பதா என்பது அவருடைய ஆத்திரம். மாப்பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதிவு செய்தார். அந்த நேரம் வரும்போது மைக்கில் நீதான் பெயரைச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மகளுக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்தது. உயிர் மிஞ்சியது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இப்போது மூச்சு. அந்தப் பதிவை அதன் பிறகு நாங்கள் போட்டுக் கேட்கவே இல்லை. அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இனி கதைக்கு வருகிறேன். அவருடைய தொழிலுக்கு மெமரி கார்டு என்பது ஒரு வரப்பிரசாதம். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். நகக்கண் அளவு இருக்கிற ஒரு துணுக்கு. போனில் பதிவு செய்து, கார்டைக் கழற்றி, ஆட்டோவில் இருக்கிற பாட்டுப் பெட்டியில் செருகினால் போதும், நாள் முழுக்க அதுவே சொல்லிக்கொண்டிருக்கும். அவர் பாட்டுக்கு டீ குடிக்கலாம். நெட்டு வேண்டாம், சிக்னல் வேண்டாம். சீயமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் போன் ஒரு கோடு காட்டாது, கார்டு மட்டும் பாடும். போன் தண்ணீரில் விழுந்தாலும் கார்டைக் கழற்றித் துடைத்து வேறு போனில் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும் என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இவருடைய போனில் இருந்த கார்டு அந்த மாதிரி கார்டு இல்லை. இடம் இல்லை, இடம் இல்லை என்று போன் கத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கடையில் புதுக் கார்டு வாங்கினோம். போட்டதும் போன் என்னமோ கேட்டது. கடைக்காரர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தானே எதையோ அமுக்கிக் கொடுத்துவிட்டார். கார்டைப் போனுக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிற மாதிரி ஒரு ஏற்பாடாம் அது. இடம் தாராளமாகக் கிடைத்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கே அந்தக் கார்டைக் கழற்றி ஆட்டோப் பெட்டியில் போட்டால் ஒரு சத்தமும் வரவில்லை. வேறு போனில் போட்டாலும் தெரியவில்லை. "இந்தக் கார்டு இந்தப் போனுக்குப் பொண்டாட்டி ஆயிட்டுதுடா. வேற எவங்கிட்டயும் வாய் தொறக்காது" என்று அப்போது ஆட்டோக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். தொழிலுக்கு வேறு சின்னக் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டார். கல்யாண வரவேற்பு மட்டும் அந்தப் போன் கார்டிலேயே இருந்தது.

இதெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம்? வரன் முடிவானதும், ஆளாளுக்குப் போன் வருகிறது, எடுக்கப் போனால் கீழ்ப்பாதியில் தொட்டால் வேலை செய்யவில்லை. அவர் ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்தபோது, நான் தனியாகக் கடைக்குப் போய், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுப் போன் வாங்கினேன். கடையில் இருந்த விற்பனைப் பையன், நல்ல தாடி மீசை எல்லாம் வைத்தவன், கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"கார்டுல இருக்கறதெல்லாம் பத்திரமா இருக்கும்க்கா. வீட்ல வெச்சிக்குங்க."

"புதுப் போன்ல போட்டுக் குடுப்பா."

"இதுல கார்டு போட எடம் கெடையாதுக்கா. இப்ப வர்றதுல பாதி அப்டிதான். எல்லாம் நெட்லயே ஏத்திக்கலாம். இந்தக் கார்டெல்லாம் இப்ப யாருக்கா வெச்சிக்கிறா?"

எனக்கு அங்கேயே சுள்ளென்று ஏறியது. விலை கூடுகிறது, கார்டு போட இருந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுவார்களாம். ஏன் அடைத்தார்கள்? இடம் வேண்டுமென்றால் இன்னும் விலை கூடின போனை வாங்கு, இல்லையென்றால் நெட்டில் ஏற்றிவிட்டு மாசாமாசம் கட்டு என்பதற்குத்தான். என் வீட்டுச் சாமானை வைக்க என் வீட்டிலேயே பரண் இருந்தது. அதை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு குடோன் இருக்கிறது, வாடகைக்கு எடுத்துக்கொள் என்கிறார்கள். இதைச் சொன்னதற்கு அவன் சிரித்தான். சரி, கார்டாவது கையில் இருக்கிறதே என்று சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கார்டை அவர் கையில் வைத்தேன். பழைய போன் எங்கே என்று கையால் கேட்டார். கடையில் கொடுத்துவிட்டேன் என்றேன். அந்த முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை. எழுந்து பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுப் பெண்ணின் போனில் கார்டைப் போட்டுப் பார்த்தோம். இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, பார்மட் செய்யவும் என்று வந்தது. பார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பதாம். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினார்: "இது அந்தப் போன்லதான் திறக்கும். அதை அழிச்சிட்டா இதுவும் போச்சு." அப்போதுதான் அந்தப் பொண்டாட்டிப் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் கடையை மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் போய் நின்றோம். அன்றைக்கு அமாவாசை வேறு. பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர் போகிற கூட்டம். நான் அந்தப் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே கார்டை வாங்கி, கடைப் போன் ஒன்றில் போட்டான். அதே எழுத்து வந்தது.

"கார்டு கரப்ட் ஆயிருக்குதுக்கா. ஒண்ணும் இல்ல, பார்மட் பண்ணிடலாம்க்கா. புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலைத் திரைமேல் கொண்டுபோனான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். பிடித்தார் என்றால், மணிக்கட்டை நசுக்கிவிடுகிற பிடி. அவன் கையை உதறிக்கொண்டு, "யோவ், இன்னாய்யா பண்ற?" என்று கத்தினான். அவர் கையை விட்டுவிட்டு, கடைக்குள் கீழே இருந்த ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். பழைய போன்களைப் போட்டு வைக்கிற பெட்டி. அதைக் காட்டி, கார்டைக் காட்டி, இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினார். இதைவிடத் தெளிவாக வாயால்கூடச் சொல்ல முடியாது. அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? அவர் காதுக்கிட்டக் குனிந்து, "பெரியவரே... கார்டு... கெட்டுப்... போச்சி... புரியுதா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

இது ஒன்று போதும் எனக்கு. பேச முடியாதவர் என்றால் காதும் கேட்காது, மூளையும் இல்லை என்று எவன் இவர்களுக்குச் சொன்னான்? அவர் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த நாளிலிருந்து இதையேதான் பார்க்கிறேன். பேங்கில் அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார்கள், "அவருக்கு இன்னா வேணுமாம்?" என்று. ஒரு காலத்தில் இவர் வாயைத் திறந்தால் ஊரே நின்று கேட்டது.

"அவருக்குக் காது உன்ன விட நல்லா கேக்கும். கத்தாத! அந்தப் பொட்டில இருந்து எங்க பழைய போனை எடுத்து வை. மறு பேச்சு பேசுன, நான் இங்கயே உக்காந்துடுவேன்" என்றேன்.

பெட்டியைக் கவிழ்த்தான். காலி. நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பார்சல் போய்விட்டதாம். எக்ஸ்சேஞ்ச் போன்களை எடுத்துப் போகிற ஆள் பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு, மேல்மலையனூர் பக்கத்தில் இருக்கிற அவலூர்பேட்டைக்குப் போயிருக்கிறாராம். அங்கிருந்து அப்படியே வேறு பக்கம் போய்விடுவாராம், திரும்ப இந்த வழி வரமாட்டாராம். நாங்கள் அங்கே போய்ச் சேரும்வரை கொஞ்சம் நிற்கச் சொல்லிப் போன் பண்ணு என்றேன். "அதெல்லாம் ஆவாதுக்கா, அழிச்சிட்டுதான் அனுப்புவோம். அதுல ஒண்ணும் இருக்காது" என்றான். என் வீட்டுக்காரர் அதற்குள் கார்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அமாவாசை அன்றைக்கு அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவது என்றால் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மொட்டை அடிக்கப் போகிற பிள்ளைகள், கோழி, எலுமிச்சம்பழ மாலை, எல்லாம் நம் தலைமேல்தான். கம்பியில் தொங்கிக்கொண்டே போனோம். அவருக்கு மூச்சு கழுத்து வழியாக. மேலே போட்டிருந்த துண்டைக் கூட்டத்தில் எவனாவது இழுத்துவிடுவானோ என்று நான் ஒரு கையால் அவர் கழுத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டேன். வளத்தி ஊரைத் தாண்டியதும் ஒரு இடத்தில் தூரத்தில் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. வேறு யாரோ, சின்ன வயசுக் குரல், காணாமல் போன குழந்தைக்கு அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவலூர்பேட்டையில் இறங்கி, செல்போன் கடை கடையாக விசாரித்தோம். நல்ல வேளை, கடைவீதியில் ஒரு டீக்கடை வாசலில் அந்த ஆள் பைக்கை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். பைக்கின் பின்னால் பெரிய பை, வாய் கட்டி முத்திரை ஒட்டியிருந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பையைப் பிரிச்சா என் வேலை போயிடும்க்கா. கடைக்காரர் சொன்னா பிரிக்கிறேன்" என்று சொல்லி, அந்தப் பையனுக்குப் போன் போட்டு எங்களுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, அந்தக் கேஸை விடுங்கண்ணே. கார்டு கரப்ட். அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் புரியல" என்று பதில் வந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "யாருக்குடா புரியல?" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள், கீரை விற்கிற அம்மா, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் இன்னா இன்னா என்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல, ஒரு போனுக்கா இவ்ளோ என்று ஒருத்தர் கேட்டார். இவர் குரல் அதில் இருக்கிறது என்றேன். எவர் குரல் என்றார்கள். இவர்தான் செஞ்சி மைக்குக்காரர் என்றேன். நம்பாமல் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். முகம் யாருக்குத் தெரியும்? அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அந்த ஒரு வார்த்தைதான் இல்லையே.

பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுக் கடைவீதியில் நின்று, அவர் சொல்கிற மாதிரியே ராகம் இழுத்து ஆரம்பித்தேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே! தாய்மாஆஆர்களே! செவப்புச் சட்டை, கால்ல கொலுசு போட்ட ஆண் கொழந்த ஒண்ணு, அம்மாவக் காணோம்னு அழுதுகினு நம்ம மைக் செட்டுகிட்ட நிக்குது. பெத்தவங்க எங்க இருந்தாலும் ஓடி வாங்க. ஓடி வரும்போது இருக்கற கொழந்தையையும் உட்டுட்டு வந்துடாதீங்க!"

அந்தக் கடைசி வரி அவருடைய சொந்தச் சரக்கு. மலையனூரில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. கீரைக்காரம்மா, "ஐயே, இவரா அது!" என்று கையைத் தட்டினார். மூட்டைக்காரர் ஒருத்தர், "எங்க மாமன் சாவுக்கு இவருதான் சொன்னாரு" என்றார். இன்னொருத்தர், "இவரு கொரலு கேட்டு ரொம்ப நாளாச்சேன்னு நெனச்சேன்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். ‘தாய்மார்களே’யில் நான் இழுத்தது அதிகமாம். அந்த நிலைமையிலும் அவருக்குத் தொழில்.

பிறகு கூட்டம் சும்மா இருக்குமா? "பிரிப்பா பையை. வேலை போனா நாங்க வந்து சொல்றோம்" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அந்த ஆள் டீ டம்ளரை வைத்துவிட்டு, முத்திரையை அவரே கிழித்தார். உள்ளே ஒரே மாதிரி கறுப்புக் கறுப்பாகப் போன்கள். எங்களுடையதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. பேச வேண்டிய ஓட்டை எது என்று தெரிவதற்காக, அவர் மகளுடைய நகப்பாலிஷை எடுத்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார். அந்தப் பொட்டைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி அவர் கையில் வைத்தேன்.

ஆனால் உள்ளே அழித்திருந்தால் எல்லாம் போச்சு. கார்டைச் செருகி, அவர் போனை ஆன் செய்தார். அழித்த போன் என்றால் முதலில் எந்த மொழி வேண்டும் என்று கேட்குமாம். பையைப் பிரித்த அந்த ஆள்தான் சொன்னார். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் திரையைப் பார்க்காமல் டீக்கடை பாய்லரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீரைக்காரம்மாதான், "பொண்ணு படம் வருது பாரு" என்றார். எங்கள் மகள் பட்டமளிப்புக் கறுப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையின் மேல்பாதியில் அந்தப் பதிவும் இருந்தது. தொட்டார். "மங்களம் பொங்கும் இந்த நன்னாளிலே..." என்று ஆரம்பித்தது. மனுஷன் உடனே நிறுத்திவிட்டார். கல்யாணத்தன்றுதான் என்று கையைக் காட்டினார். கூட்டம் கோவித்துக்கொண்டது.

இங்கேதான் எனக்கு இன்னொரு எரிச்சல். அந்தப் பையன் அழித்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றானே, அழிக்கவே இல்லை! கீழ்ப்பாதி வேலை செய்யாத போனில் எவன் மெனக்கெடுவது என்று அப்படியே பெட்டியில் வீசியிருக்கிறான். எங்கள் வீட்டுப் படம், என் மகள் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றோடும் எவன் கைக்கோ போகப் பார்த்தது. அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவனுடைய சோம்பேறித்தனம்தான் எங்களைக் காப்பாற்றியது. இதற்கு நான் அவனைத் திட்டுவதா, கும்பிடுவதா? யோசித்துப் பார்த்துவிட்டு, திட்டுவது என்றே முடிவு செய்தேன். சாயந்திரம் செஞ்சிக்குத் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போய், எக்ஸ்சேஞ்சை ரத்து செய்ய வைத்து, திட்ட வேண்டியதையெல்லாம் மிச்சம் வைக்காமல் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கடைசியில் அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, மெதுவாக, சாதாரணக் குரலில், "மன்னிச்சிக்குங்க சார்" என்றான். அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு எப்போதுமே நல்ல மனசு. எனக்கு அது கிடையாது.

அந்தப் பதிவை அன்றைக்கே பென் டிரைவில் ஒன்று, புதுக் கார்டில் ஒன்று, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கம்ப்யூட்டரில் ஒன்று என்று ஏற்றி வைத்தோம். அவன் சொன்ன நெட்டிலும் ஏற்றினோம். கேட்காமல் மட்டும் வைத்திருந்தோம்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மைக் செட்காரர் பென் டிரைவைச் செருகட்டுமா என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அந்த உடைந்த பழைய போனையே வயர் போட்டு இணைத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால், மகள் மணவறைக்கு வந்து உட்கார்ந்ததும் தட்டிவிட்டார்.

"மங்களம் பொங்கும் இந்த நன்னாளிலே, எங்கள் இல்லத் திருமணத்துக்கு வருகை தந்திருக்கும் அன்பார்ந்த உறவினர்களே, நண்பர்களே, வருக, வருக!"

பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து வந்து நின்றார்கள். மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். "நைனா..." என்றாள். அந்தக் குரல் அவள் பெயரைச் சொல்லி, அவள் பிறந்தபோது செஞ்சியில் மழை கொட்டியதைச் சொல்லி, "எங்கள் செல்ல மகளின் கரம் பற்றும் மணமகன்..." என்று நிறுத்தியது.

அந்த இடைவெளியில் நான் பெயரைச் சொல்ல வேண்டும். மைக் என் கையில்தான் இருக்கிறது. கடைக்காரனை, அங்காளம்மனையே கேள்வி கேட்ட வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. அவர் கையைத் தூக்கி, இப்போது, இப்போது என்று எனக்குச் சைகை காட்டுகிறார். என்னால் முடியவில்லை. மகள் மணவறையிலிருந்து கையை நீட்டி மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளையின் பெயரைத் தானே கணீரென்று சொன்னாள். கட்டிக்கப் போகிறவன் பெயரைப் பெண்ணே மைக்கில் சொல்வதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சொல்லட்டும், அப்பன் தொண்டை அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. குரலும் சரியாக அந்த இடத்தில் தொடர்ந்தது, "அவர்களையும் வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று.

வரவேற்பு முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் போன் நிற்கவில்லை. பதிவு செய்த அன்று நிறுத்த மறந்திருக்கிறார். ஸ்பீக்கரில் நாற்காலி நகர்கிற சத்தம், ஒரு செருமல். பிறகு மைக் குரல் இல்லை, வீட்டில் பேசுகிற குரல், மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா... சரியா வந்துச்சான்னு தெரியல. கொஞ்சம் தண்ணி குடேன்."

நான் யோசிக்கவே இல்லை. எழுந்துவிட்டேன். பட்டுப்புடவை தடுக்க, மணவறைப் படியிலிருந்து இறங்கிப் போய், பந்தியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாங்கி மெதுவாகக் குடித்தார்.

கார்டு நல்லதா, கெட்டதா, நெட்டு நல்லதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்லக்கா, அழிச்சிடலாம்" என்று விரலைத் தூக்கினால் என் கை இன்றைக்கும் அதை எட்டிப் பிடிக்கப் போகிறது. அந்த விரலுக்கடியில் யாரோ ஒருத்தர் தன் பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.